மூலவரை எழுப்பிய சடையப்பன்

உத்திரமேரூரின் பெரிய மனிதர்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தால், சடையப்பன் பெயர் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அது ஊரின் குறை, சடையப்பனின் குறை அல்ல. ஏரிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நஞ்சை, வேர்க்கடலை போடும் கொல்லை, இரண்டு எருமைகள், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஒரு மனைவி என்று ஆண்டவன் அவருக்குக் குறையில்லாமல்தான் கொடுத்திருந்தான். நஞ்சையும் கொல்லையும் எருமையும் அவர் பேச்சைக் கேட்கும். அவரோ மனைவி பேச்சைக் கேட்பார். குடும்பம் இப்படித்தான் சமநிலையில் நின்றது.

மனைவி பெயர் வளர்மதி. கடையின் பெயரும் அதுவே. கல்யாணப் பத்திரிகை, கிரயப் பத்திரம், விண்ணப்பம், ஜெராக்ஸ், லேமினேஷன் என்று ஊரின் சுபகாரியமும் சொத்துத் தகராறும் அந்தப் பத்தடி அறைக்குள் நுழைந்துதான் வெளியே வந்தாக வேண்டும். சடையப்பனுக்கு அங்கே வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சில் ஓரிடம் உண்டு. டீ வாங்கி வருவது, பேப்பர் கட்டைப் பிரிப்பது ஆகிய இரண்டு இலாகாக்கள் அவர் பொறுப்பில் இருந்தன. ஆனால் அவர் மனம் கேட்டது சுழல் நாற்காலியை. ஏரி மதகையே திறந்து மூடிய கை, ஒரு ஷட்டரைத் திறக்கக் கூடாதா?

கூடாது என்பது வளர்மதியின் கட்சி. யார் பதவிக்கு வரலாம், யார் வரக்கூடாது என்பதைக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்த ஊர் இது. கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது, அவன் சொந்தக்காரனும் வரக்கூடாது என்று அந்தக் கல் விரிவாகப் பேசும். வளர்மதி அதைச் சுருக்கி, "நீங்க வரக்கூடாது" என்று வைத்திருந்தாள். காரணம் இல்லாமல் இல்லை. ஒரு தடவை உதவி செய்யப் போய், கட்டியிருந்த வேட்டியின் நுனியை லேமினேஷன் மிஷினுக்குக் கொடுத்துவிட்டார். அந்த வேட்டியின் ஒரு முனை இன்றும் மழையில் நனைவதில்லை.

கடையில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குள் மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தன. இது சடையப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.

"ஒரு மிஷினுக்குள்ள எப்டி, வளரு, மூணு குடித்தனம்?"

"மூலவரு கருவறைய வுட்டு வெளிய வருவாராங்க?" என்று திருப்பிக் கேட்டாள் வளர்மதி.

"வரமாட்டாரு."

"அப்ப வீதியுலா யாரு போறது?"

"உற்சவரு."

"அதான் இதுவும். முழு கம்ப்யூட்டரையும் ஒரே ஃபைலா கட்டி உள்ள வெச்சிக்கீது. அந்த ஃபைலுக்குள்ளருந்தே மிஷினு எழுந்துக்கும். அதுக்கு மூலவர்னு பேரு வெச்சிக்கீறேன். அவுரு மேல மூணு உற்சவரு. பத்திரிகை அடிக்க 'கல்யாணம்'. கிரயத்துக்கு 'பத்திரம்'. வர்ற போற பசங்களுக்கு 'பொது'. கல்யாணத்துக்குப் போட்ட எழுத்தும் பத்திரத்துக்குப் போட்ட எழுத்தும் ஒண்ணா வெச்சா மாமியா மருமவ மாதிரி அடிச்சிக்கும். அதான் தனித்தனி. மிஷின போட்டா, இன்னைக்கு யாரு புறப்பாடுன்னு அதுவே கேக்கும்."

"பசங்க பென் ட்ரைவ சொருவி வைரஸ் வுட்டாங்கன்னா?"

"பொதுவத் தூக்கிப் போட்டுட்டு மூலவர்லருந்து புதுசா ஒருத்தர எடுத்துப்பேன். ஆனா மூலவர மட்டும் எழுப்பவே கூடாது. அவுரு அசையாம கீறாருன்னு நம்பித்தான் மேல மூணு பேரும் நிக்கிறாங்க. அவுரு கொஞ்சம் மாறிட்டா மூணு பேரும் படுத்துடுவாங்க."

"அப்ப அவுரு பேரு எதுக்கு அந்த வரிசையில?"

"செஞ்சப்ப வெச்சது. எடுக்கணும். எங்க நேரம்?"

சடையப்பனுக்கு எல்லாம் செரித்தது. ஒன்று மட்டும் தொண்டையில் நின்றது.

"எப்பவுமே எழுப்பக் கூடாதா? நம்ம காஞ்சிபுரத்துல அத்தி வரதரே நாப்பது வருஷத்துக்கு ஒருதரம் தண்ணிய வுட்டு மேல வந்து தரிசனம் குடுக்கிறாரு."

"நீங்களும் நாப்பது வருஷம் கழிச்சி எழுப்புங்க. அப்ப நான் இருக்கமாட்டேன்" என்று சொல்லி ரசத்தை ஊற்றினாள் வளர்மதி.

இப்படி இருக்கையில், புள்ளலூரில் இருக்கும் வளர்மதியின் தம்பி ஒரு டிராக்டர் வாங்கினான். வாங்கியவன் ஆயுத பூஜைக்கு அக்கா வந்து ஆரத்தி சுற்றினால்தான் டிராக்டர் வயலில் இறங்கும் என்று அடம்பிடித்தான். அக்காவுக்கும் போக ஆசை. ஆனால் மறுநாள் விஜயதசமி. கடை திறந்து மறுபூஜை போட்டே ஆக வேண்டும். அதோடு, பக்கத்துக் கழனிக்காரர் தண்டபாணி தன் மகள் திவ்யாவின் கல்யாணப் பத்திரிகையில் முதல் பிரதியை அன்று காலை வாங்கிப்போய் அம்மன் காலடியில் வைப்பதாக இருந்தார். யோசித்து யோசித்துப் பார்த்து, வேறு நாதியில்லாமல், வளர்மதி சாவியை எடுத்துக் கணவர் கையில் வைத்தாள்.

"பூஜைய போடுங்க. கல்யாணத்தத் தொறங்க. பத்திரிகை ரெடியா கீது, பிரிண்ட்ட அமுக்கினா போதும். நாளைக்கு மத்தியானம் வந்துடறேன். அதுவரைக்கும் ஒழுங்கா நடந்துச்சின்னா வாரத்துல ஒரு நாளு சாவி உங்களுக்கு. ஏதாச்சும் ஏடாகூடம் ஆச்சோ, ஜென்மத்துக்கும் எருமகிட்டதான்."

சடையப்பன் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். அன்றிரவு அவர் புரண்டு படுத்தபோதெல்லாம் அது இடுப்பில் குத்தியது. பதவி என்றால் குத்தத்தான் செய்யும் என்று பொறுத்துக்கொண்டார்.

விஜயதசமி காலையில் தலைக்குக் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, நெற்றியில் வட்டமாகக் குங்குமம் வைத்து, பொரி, கடலை, வெல்லம், வாழைப்பழம், எலுமிச்சை, ஒரு பூசணிக்காய் சகிதம் கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கினார். அந்தச் சத்தம் சந்து முழுக்கக் கேட்க வேண்டும் என்று இரண்டு முறை தூக்கினார்.

சடையப்பனின் பூஜைக்கு ஒரு சட்டம் உண்டு. எந்த ஆயுதத்தையும் விட்டுவிடக் கூடாது. விடுபட்ட ஆயுதம் வருஷம் முழுக்க முறைத்துக்கொள்ளும். ஒரு வருஷம் மருந்தடிக்கும் மிஷினுக்குப் பொட்டு வைக்க மறந்தார். அது பயிரை விட்டுவிட்டு அவர் முதுகுக்கு மருந்தடித்தது. அவர் அப்பா காலத்து ஆயில் இன்ஜின் ஒன்று மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. அது ஓடி எத்தனையோ காலம் ஆகிறது. அதற்கும் ஆண்டுதோறும் ஓர் எலுமிச்சம்பழம் உண்டு. அது ஓடவில்லைதான். ஆனால் இதுவரை யாரையும் கடிக்கவும் இல்லை. பொட்டு வைத்தால் மட்டும் போதாது. மறுபூஜையன்று ஒவ்வொன்றையும் ஒரு தரமாவது இயக்கிக் காட்ட வேண்டும்.

ஆகவே ஜெராக்ஸ் மிஷினில் பிள்ளையார் படத்தை ஒரு பிரதி எடுத்தார். அதை லேமினேஷன் மிஷினில் விட்டார், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. கத்தரிக்கோலால் காற்றை வெட்டினார். ஸ்டேப்ளரை ஒரு அமுக்கு அமுக்கினார். கடைசியாகக் கம்ப்யூட்டரைப் போட்டார். திரையில் நான்கு பெயர்கள் வரிசையாக நின்றன. கல்யாணம். பத்திரம். பொது. மூலவர்.

முதல் பெயருக்கு நேராகக் கண்ணாடியிலேயே சந்தனமும் குங்குமமும் வைத்து, கல்யாணத்தை எழுப்பி, கற்பூரம் காட்டி, படுக்க வைத்தார். பிறகு பத்திரம். பிறகு பொது. பொதுவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே கற்பூரம் காட்டினார், பாவம், வைரஸெல்லாம் அவன் தலையில்தான் விழுகிறது என்று. நான்காவது பெயருக்கு நேராகப் பொட்டும் வைத்தாயிற்று. விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

வளர்மதி சொன்னது நினைவில்லாமல் இல்லை. ஆனால் யோசித்துப் பார்க்க வேண்டும். உற்சவர் மூவருக்கும் தீபாராதனை ஆகிவிட்டது. எல்லோருக்கும் ஆதாரமானவரை இருட்டில் போட்டுவிட்டு, ஸ்டேப்ளருக்குச் செய்த மரியாதையைக்கூட அவருக்குச் செய்யாமல் ஷட்டரை இறக்கினால் அது அடுக்குமா? மருந்தடிக்கும் மிஷினே அந்தக் கோபம் கோபித்தது. மூலவர் கோபித்துக்கொண்டால் முதுகோடு போகுமா? வளர்மதி தொழில் தெரிந்தவள், சாஸ்திரம் தெரிந்தவள் அல்ல. ஒரே ஒரு கற்பூரம். பிறகு திரையைப் போட்டுவிடலாம்.

அமுக்கினார்.

மூலவர் எழுந்தார். பல வருஷத் தூக்கம் கலைந்தவர் சும்மா இருப்பாரா? கண் விழித்ததும் இன்டர்நெட்டைப் பார்த்தார், பசி வந்துவிட்டது. இத்தனை வருஷ அப்டேட்டையும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். திரையில் எண்கள் ஏறின. பத்து, இருபது, நாற்பது. சடையப்பனுக்குப் புல்லரித்தது. சாமி ஏற்றுக்கொண்டார்! கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் ஒரு பிடி பொரியை வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நூறு ஆனதும் மூலவர் தாமாகவே ஒரு முறை படுத்து எழுந்தார். அதை அருள்பாலித்ததாகக் கொண்டு, சடையப்பன் மிஷினை அணைத்துவிட்டு வாசலில் பூசணிக்காயைப் போட்டு உடைத்தார்.

பூசணிக்காயைத் தாண்டிக் கால்வைத்து உள்ளே வந்தார் தண்டபாணி. சடையப்பனுக்கு உறவில் பெரியப்பா முறை. கையில் வெற்றிலை பாக்கு, மஞ்சளோடு ஒரு தாம்பாளம்.

"இன்னாடா சடையா, இன்னைக்கு நீயா கடையில? அதான் மேக்கால கருக்கலா கீதா?"

"உக்காரு பெரிப்பா. ஒரே அமுக்கு. பத்திரிகை கையில."

சுழல் நாற்காலியில் ஒரு அரைச்சுற்றுச் சுற்றி, கல்யாணத்தைத் தேர்ந்து அமுக்கினார். திரை நீலமாயிற்று. வாயைத் தொங்கப் போட்ட ஒரு முகம் வந்தது. அதன் கீழே இங்கிலீஷில் ஏதேதோ புலம்பல். அணைத்துவிட்டுப் பத்திரத்தை எழுப்பினார். அதே முகம். பொது. அதே முகம். மூலவர் மட்டும் கூப்பிட்டதும் ஜம்மென்று எழுந்தார். அவரிடம் பத்திரிகை இல்லை. மூலவரிடம் யார் பத்திரிகையைக் கொடுத்து வைப்பார்கள்?

"இன்னாடா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீது? கல்யாண வூட்டு வேல, அபசகுனமா?" என்றார் தண்டபாணி. "உச்சி பொழுதுக்குள்ள அம்மன் காலடியில வெக்கணும்டா. பூசாரி காத்துக்கினு கீறாரு."

"லோ வோல்டேஜு பெரிப்பா."

"ஃபேனு பிச்சிக்கினு சுத்துது."

"ஃபேனுக்கு வேற லைனு. பொரி சாப்புடு, தோ வந்துட்டேன்."

சடையப்பனின் இடுப்பில் சாவி குத்தியது. வாரத்தில் ஒரு நாள் என்ற வாக்கு, ஜென்மத்துக்கும் எருமை என்ற வாக்கு, இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் நடந்துபோயின. ஊரில் இந்த வியாதிக்கு மருந்து தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். அவன் முகத்தில் விழிப்பதில்லை என்று சடையப்பன் சபதம் எடுத்து வெகுநாள் ஆகிறது.

அவன் ஜான்சன். கடைத்தெருவில் கடை. தொழிலில் வளர்மதிக்கு எதிரி, ஆனால் கூடப் படித்தவன். மூலவர், உற்சவர் ஏற்பாட்டை இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தார்கள். அதுவல்ல விரோதம். போன வருஷம் டீக்கடையில் நாலு பேர் நடுவே, "சடையப்பண்ணன் மவுஸப் புடிக்கிறது காளமாட்டு மூக்கணாங்கவுறப் புடிக்கிற மாதிரியே கீது" என்று சொல்லிவிட்டான். அதிலிருந்து அவன் கடை கண்ணில் படாமல் இருக்க, சடையப்பன் கடைத்தெருவையே சுற்றிக்கொண்டு போகிறார். இன்று நேராகப் போனார்.

ஜான்சன் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கொடுத்த பொரி மலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

"வாங்கண்ணா. வழி தெரிஞ்சிதா?"

"ஒரு சந்தேகம். கேட்டுட்டு பூடறேன். தெரியாத்தனமா ஒருத்தரு மூலவர எழுப்பிட்டா இன்னா ஆவும்?"

"எந்த ஒருத்தரு?"

"யாரோ ஒருத்தரு."

"அந்த ஒருத்தரு நெத்தியில இம்மாம் பெரிய குங்குமம் வெச்சிக்கினு கீறாரா?"

சடையப்பன் ஒரு பிடி பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். ஜான்சன் எழுந்தே விட்டான்.

"அண்ணா! பூஜைக்கா எழுப்புனீங்க?"

"பின்ன? ஸ்டேப்ளருக்கு வெச்சிட்டு அவுருக்கு வெக்காம வுட சொல்றியா?"

ஜான்சனுக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான். "மூலவரு செஞ்சப்ப எப்டி இருந்தாரோ அத்தத்தான் உற்சவருங்க மனசுல வெச்சிக்கினு கீறாங்க. இப்ப அவுரு அப்டேட்டு எல்லாம் தின்னுட்டு வேற ஆளா எழுந்துட்டாரு. இது எங்க அப்பா இல்லன்னுட்டு புள்ளைங்க படுத்துட்டாங்க. பத்திரிகை அழியல, பயப்படாதீங்க. பழைய மூலவரையே பழைய இடத்துல வெச்சா எல்லாம் எழுந்துக்கும்."

"பழைய மூலவருக்கு எங்க போறது?"

"எங்கிட்ட கீறாரு. அன்னைக்கே ஒரு நகல் எடுத்து வெச்சேன். அப்ப படுத்தவரு, பொரண்டுகூட படுக்கல."

"நீ எழுப்பலியா?"

"எங்க சாமி மூணாம் நாளே தானா எழுந்துட்டாருண்ணா. எனக்கு எழுப்பிப் பழக்கமில்ல."

சடையப்பனுக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் மானமும் கூடவே வந்தது. "அப்டின்னா மொதல்ல அந்த மூக்கணாங்கவுறு பேச்ச வாபஸ் வாங்கு."

"மூலவரையே எழுப்பினவரு நீங்க. இனிமே உங்க மவுஸப் பத்தி ஊர்ல யாருண்ணா பேசப்போறாங்க?"

இதை வாபஸாக எடுத்துக்கொள்வதா, புதுக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வதா என்று தீர்மானிக்க நேரம் இல்லை. இருவரும் நடந்தார்கள்.

ஜான்சன் கொண்டுவந்த பென் ட்ரைவ் கைக்கடக்கமானது, ஆனால் அதிலிருந்தே மிஷின் எழும் சக்தி படைத்தது. அதைச் சொருகி எழுப்பினான். தின்று பெருத்த மூலவரை அப்புறப்படுத்தினான். தூக்கம் கலையாத மூலவரை அதே பெயரில், அதே இடத்தில் எழுந்தருளச் செய்ய ஆரம்பித்தான். ஒரு பச்சைக் கோடு நத்தை மாதிரி நகர்ந்தது.

"லோ வோல்டேஜுக்கு இவன் எதுக்குடா?" என்றார் தண்டபாணி.

"வோல்டேஜு பென் ட்ரைவ்ல கொண்டாந்துக்கீறேன் பெரியவரே" என்றான் ஜான்சன்.

"அதுல புடிக்குமா?"

"உங்க பத்திரிகைக்குப் போதும்."

கோடு முடிந்தது. ஜான்சன் நாற்காலியை விட்டு எழுந்து, "நீங்களே அமுக்குங்கண்ணா" என்றான். சடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு கல்யாணத்தை அமுக்கினார். கண்ணைத் திறந்தபோது நீலம் இல்லை, தொங்கிய முகம் இல்லை. பிள்ளையார் சுழிக்குக் கீழே, திவ்யாவின் பெயர் தங்க எழுத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. பத்திரமும் பொதுவும் ஒன்றும் நடக்காதது போல எழுந்து வந்தார்கள். பிள்ளைகள் என்றால் அப்படித்தான்.

தண்டபாணி பத்திரிகையை வாங்கித் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு, மேற்கு வானத்தைப் பார்த்தபடியே ஓடினார். ஜான்சன் கிளம்புமுன் நான்காவது பெயரை வரிசையிலிருந்து எடுத்தான். "கருவறைக் கதவ சாத்திட்டேன்ணா. இனிமே யாரும் உள்ள போவ முடியாது. வளர்மதிகிட்ட நான் வாயத் தொறக்கமாட்டேன்." சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அவன் வாய் திறக்கத் தேவையே வரவில்லை.

மத்தியான பஸ்ஸில் வளர்மதி வந்தாள். கையில் தம்பி கொடுத்த சுண்டல் தூக்கு.

"இன்னாங்க, எல்லாம் ஆச்சா?"

"ஆச்சி. பெரிப்பா பத்திரிகை வாங்கிக்கினு பூட்டாரு. கிராக்கிங்க வேற வரல. தம்பி டிராக்டரு எப்டி கீது?"

"செவப்பா கீது" என்றபடி நாற்காலியில் உட்கார்ந்து மிஷினைப் போட்டாள். வரிசை வந்தது. வளர்மதி திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சடையப்பன் ஃபேனைப் பார்த்தார்.

"திரையில பேரு மூணு கீது" என்றாள் வளர்மதி.

"ம்."

"பொட்டு நாலு கீது."

சடையப்பன் திரும்பிப் பார்த்தார். கல்யாணத்துக்கு நேராக ஒன்று. பத்திரத்துக்கு நேராக ஒன்று. பொதுவுக்கு நேராக ஒன்று. அதற்குக் கீழே, பெயரே இல்லாத வெற்றிடத்தில், நாலாவது பொட்டு சந்தனமும் குங்குமமுமாகப் பளிச்சென்று நின்றது.

"அது... பொதுவா வெச்சது."

"பொதுவுக்குத்தான் மேல ஒண்ணு வெச்சிக்கீறீங்களே."

சடையப்பன் சுண்டல் தூக்கின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"ஜான்சன் எப்ப வந்தான்?"

இனி மறைத்துப் பயனில்லை. மருந்தடிக்கும் மிஷினிலிருந்து ஆரம்பித்து, ஸ்டேப்ளர் வழியாக, தொங்கிய முகம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார் சடையப்பன். சொல்லி முடித்துவிட்டு, அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து, பதவி விலகும் மந்திரி மாதிரி மேஜைமேல் வைத்தார். "நான் எருமகிட்ட போறேன்" என்றார். எருமைகளும் அவரும் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள்தான். அவற்றில் எதையும் எழுப்பக் கூடாது என்று சட்டம் இல்லை.

வளர்மதி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். முடியவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். சுண்டல் தூக்கு ஆடியது. சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"கடைக்கு நான் வேற யாரையாச்சும் வெச்சேன்னா, அவனுக்கு இன்னா ஏதுன்னு வெளங்கறதுக்குள்ள எதையாச்சும் எழுப்பித்தான் பார்ப்பான். நீங்க எழுப்பி முடிச்சிட்டீங்க. சூடு கண்ட பூன அடுப்பங்கரைக்குப் போவாது. செவ்வாய்க்கிழம சாவி உங்களுக்கு. எடுத்து முடிஞ்சிக்கோங்க."

சடையப்பன் அவள் மனம் மாறுவதற்குள் முடிந்துகொண்டார். இந்தத் தடவை குத்தவில்லை. பழகிவிட்டது.

"அந்தப் பொட்ட தொடைச்சிடவா?" என்று கேட்டார்.

"மத்த மூணையும் தொடைங்க. அது மட்டும் கெடக்கட்டும். உங்க கண்ணுல படட்டும்."

இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை பத்திரம் எழுத வருகிறவர்கள், திரையின் ஓரத்தில் காய்ந்துபோன அந்த ஒற்றைப் பொட்டைப் பார்த்து, "இது யாருக்குண்ணா?" என்று கேட்கிறார்கள். சடையப்பன் சுழல் நாற்காலியில் அரைச்சுற்றுச் சுற்றி, விரலை வாய்மேல் வைக்கிறார்.

"உள்ள ஒருத்தரு தூங்கறாரு. மெதுவா பேசு."